ஒருவரையும் நம்பாத பாத்திரக்கடை அக்கா

புத்தூர் கடைத்தெருவில் பித்தளைக்கும் செம்புக்கும் பேர் வெட்டிப் பிழைத்தவன் நான். எங்கள் பக்கத்தில் சீர்ப் பாத்திரம் என்றால் அதில் பெண்ணின் பேர் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது சீரே இல்லை. சின்ன உளியும் சுத்தியுமாக நான் உட்கார்ந்திருந்தது ஒரு பாத்திரக்கடை வாசலில். அந்தக் கடைக்காரம்மாவைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். தமிழ் பேசுகிறவர்களுக்கும் அவர் அக்காதான், தெலுங்கு பேசுகிறவர்களுக்கும் அக்காதான். பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னால், “எதுக்குடா என் பேர எழுதினே? யாரு கேட்டா? இன்னா சமாச்சாரம்?” என்று எங்கிருந்தாவது ஆள் அனுப்பி விசாரிப்பார். அவர் அப்படி.

அக்கா ஒருவரையும் நம்ப மாட்டார். முகத்தைச் சுளித்துக்கொண்டு முறைக்கிற ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். சிரித்துக்கொண்டே சந்தேகப்படுவார். மோர் கொடுத்து, உட்கார மணை கொடுத்து, பிள்ளைகுட்டிகளை விசாரித்து, அப்புறம் சந்தேகப்படுவார். அதுவும் ஏழை பணக்காரன், சொந்தம் அசல் என்ற பேதமே கிடையாது. எல்லோர் மேலும் ஒரே அளவு.

ஒரு நாள் பெரிய வீட்டு அம்மா ஒருத்தர் வில்வண்டியில் வந்து வாயகன்ற பெரிய கங்காளம் ஒன்று வாங்கினார். வண்டியில் ஏற்றும் முன் அக்கா வழக்கம்போல அதைக் கவிழ்த்தார். உள்ளேயிருந்து இரண்டு சொம்பு உருண்டு தெருவில் விழுந்தன. அந்த அம்மாவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! எனக்கு உளி கையிலேயே நின்றுவிட்டது. அக்கா அலட்டிக்கொள்ளவே இல்லை. “அட, இதுங்களும் உங்க கூடவே வரணும்னு ஆசப்படுதுங்க போல. இருங்க தாயே, சேர்த்து எடை போட்டுடறேன்” என்று சிரித்தார். அந்த அம்மா மூன்றுக்கும் பணம் கொடுத்துவிட்டுப் போனார். அப்புறமும் எங்கள் கடைக்குத்தான் வந்தார் என்பதுதான் வேடிக்கை.

புருஷனுக்கும் அதே மரியாதைதான். மாமா நல்ல மனுஷர், தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார், வாய் திறந்து பத்து வார்த்தை பேசினால் அன்றைக்கு மழை வரும். அவர் மத்தியானம் சாப்பிடக் கிளம்பும்போது கடைவாசலில் நின்று தோள் துண்டை உதறிக் காட்டிவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

“ஏமே, நா உன் புருஷன்மே” என்பார் பரிதாபமாக.

“புருஷன்னா துண்டு ஒதற மாட்டியா?” என்பார் அக்கா.

எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். வேலைக்கு உட்கார்ந்த புதிதில், சாயங்காலம் உளிப் பையைக் கொட்டிக் காட்டச் சொன்னார். கொட்டினேன். கொட்டிவிட்டு, “இன்னாக்கா, நா திருடனா? இந்த மானங்கெட்ட வேலையே எனக்கு வேணாம்” என்று பையைச் சுருட்டிக்கொண்டு எழுந்தேன்.

“எவன் சொன்னான் உன்ன திருடன்னு? நீ தங்கம்டா” என்றார் அக்கா. “நாளைக்கி கடையில எதுனா காணாப் போச்சுன்னு வெய்யி. வாசல்ல குந்திக்கினு இருக்கறவன், இவன்தான் எடுத்திருப்பான்னு ஊரே உன்னத்தான் சொல்லும். அப்ப நா மார்தட்டி சொல்லுவேன், டெய்லி அவன் பையி நா பாத்தேன், ஒண்ணும் இல்லன்னு. நம்பிக்கை வெச்சிருந்தா நா எதக் காட்டி பேசறது? உக்காருடா, சோறு துன்னுட்டுப் போ.”

பையைக் கீழே வைத்தேன். உட்கார்ந்து சாப்பிட்டேன்.

அந்த வருஷங்களில் எங்கள் ஊர் அல்லோலகல்லோலப்பட்டது. மெட்ராஸ் மாகாணத்தில் இருந்தவர்கள் ஒரு நாள் விடிந்ததும் ஆந்திர ராஜ்ஜியத்துக் குடிகளாகிவிட்டோம். புத்தூர், நகரி, திருத்தணி எல்லாம் மெட்ராஸோடு சேர வேண்டும் என்று ஒரு கூட்டம் கொடி பிடித்தது. சேரவே கூடாது என்று இன்னொரு கூட்டம் கொடி பிடித்தது. கடைத்தெருவில் ஊர்வலம் இல்லாத வாரம் இல்லை. ராஜ்ஜியம் மாறிய அன்று அக்கா செய்த முதல் காரியம், கடைக்குப் புதுப் பூட்டு வாங்கியது. இரண்டு கட்சிக்காரர்களும் ஆதரவு கேட்டு வந்தார்கள். இரண்டு பேருக்கும் மோர் கொடுத்து ஒரே கேள்விதான் கேட்டார்: “எங்க சேர்ந்தாலும் சரிப்பா. திருடன் எந்தப் பக்கம் ஓடுவான், அத மட்டும் சொல்லு.”

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. புதிய எல்லையால் மெய்யாகவே பிழைத்தவர்கள் திருடர்கள்தான். எங்கள் தெருவில் கைவைத்துவிட்டு ரயிலேறி அரக்கோணத்தில் இறங்கிவிட்டால் அது வேறு ராஜ்ஜியம். எங்கள் ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் அப்படித்தான் சரக்கைப் பறிகொடுத்து ஒரே வாரத்தில் முடங்கிப்போய், கடையை மூடிக்கொண்டு மாமனார் ஊருக்குப் போய்விட்டார். நாளைக்கு நம் கடையில் கைவைத்தால் பிடிப்பீர்களா என்று கேட்க அக்கா கோபமாகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார், நானும் கூடப் போனேன். ஏட்டு நல்ல மனிதர், கையைப் பிசைந்தார்.

“அக்கா, அதி மன எல்ல காது. நம்ம எல்ல இல்லம்மா அது. நா அரக்கோணத்துல போயி ஒருத்தன் மேல கை வெச்சா, அந்த ஊரு போலீசு என் கையப் புடிப்பான். இங்கிருந்து மேல எழுதணும், அவங்க மேலருந்து கீழ எழுதணும்…”

“எழுதிக்கினே இருங்க. அவன் அதுக்குள்ள உருக்கி வித்துடுவான்” என்று அக்கா எழுந்துவிட்டார்.

 எங்கள் கடைக்கும் அந்த ஜவுளிக்கடைக் கதிதான் என்று நான் வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வந்தேன். கடை வாசலுக்கு வந்ததும் அக்கா திடீரென்று நின்று என் தோளில் ஒரு அடி வைத்தார் பாருங்கள், நான் விழாத குறை!

“டேய் தம்பி! போலீசுக்கு எல்ல இருக்குது. பெருமாளுக்கு எல்ல இருக்குதா?”

“இன்னாக்கா சொல்றே?”

“எல்லாச் சாமான் மேலயும் திருநாமத்த வெட்டுடா! சொம்பு, தவலை, தாம்பாளம் ஒண்ணு விடாதே. பெருமாள் நாமம் போட்ட சாமான எவன்டா உருக்குவான்? இங்கயும் உருக்க மாட்டான், அரக்கோணத்துலயும் உருக்க மாட்டான்!”

அடேயப்பா, என்ன யோசனை! திருப்பதி மலை கண்ணுக்குத் தெரிகிற ஊரில் பிறந்தவருக்குத்தான் அது தோன்றும். அன்றே ஆரம்பித்தேன். டக் டக் டக்கென்று தெருவே அதிர்ந்தது. செருப்புக் கடைக்காரன், “அக்கா ஊருக்கே நாமம் போடறாங்கடோய்” என்று கேலி பண்ணினான். பண்ணட்டுமே! சனங்கள் அந்தப் பாத்திரத்துக்கு அடித்துக்கொண்டு வந்தார்கள். பெருமாளே ஆசீர்வாதம் பண்ணிக் கொடுத்த மாதிரி இருக்கிறது என்று பெண்களைப் பெற்றவர்கள் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அலமாரி காலியாகிற வேகத்தைப் பார்த்து மாமாகூடச் சிரித்தார்.

அந்தச் சமயத்தில்தான் நாராயணவனத்துப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி தன் மகள் சரோஜாவுக்குச் சீர் எடுத்தார். குத்துவிளக்கு, குடம், தாம்பாளம், சொம்பு என்று பார்த்துப் பார்த்துப் பொறுக்கினார். அந்தப் பெண்ணுக்கு முன்னாலேயே ஒரு சம்பந்தம் சீரில் குறை சொல்லி நின்றுபோயிருந்தது. “தங்கச்சி, இந்தச் சம்பந்தியம்மா கண்ணுல வெளக்கெண்ண ஊத்திக்கினு பாக்கறவ. இதுவும் நின்னு போச்சுன்னா என் பொண்ணு கெணத்துலதான் வுழுவா” என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனார். எல்லாவற்றிலும் நாமமும் போட்டு, கீழே ‘சரோஜா’ என்றும் நானே வெட்டினேன். அக்கா கோணியில் போட்டு, தன் பழைய புடவையின் சிவப்புக் கரையைக் கிழித்து வாயைக் கட்டி வைத்தார். மறுநாள் வண்டி வரும்.

மறுநாள் வண்டிக்கு முன்னால் ஊர்வலம் வந்துவிட்டது. பெரிய ஊர்வலம். கடையெல்லாம் அடைக்கச் சொன்னார்கள். பலகைகளைப் போட்டுப் பூட்டிவிட்டு நாங்களும் தெருவில் நின்றோம். அக்கா ஊர்வலத்தையே சோதனை போட்டுக்கொண்டிருந்தார். “அந்த மீசக்காரன பாரு. கோஷம் போடறது வாயி மட்டுந்தான், கண்ணு கடைங்க மேலயே இருக்குது. அவன் மேல ஒரு கண்ணு வெய்யி.” நானும் கண் வைத்தேன். மீசைக்காரன் பாவம், ஒழுங்காகக் கோஷம் போட்டுக்கொண்டு ஊர்வலத்தோடு போய்ச் சேர்ந்தான். நாங்கள் பலகையைக் கழற்றினால் கடைக்குள்ளே வெயில் அடிக்கிறது! பின்பக்கம் எவனோ கூரை ஓட்டைப் பிரித்து இறங்கியிருக்கிறான். கட்டித் தயாராக இருந்த கோணி மட்டும் இல்லை.

வண்டியோடு வந்த விவசாயி, சரோஜாவின் நைனா, சேதி கேட்டதும் அப்படியே தெருவில் உட்கார்ந்துவிட்டார். அலமாரியில் பார்த்தால் உதிரியாகச் சில டம்ளர்களும் கரண்டிகளும்தான் இருந்தன. குத்துவிளக்குக்கும் குடத்துக்கும் கும்பகோணத்துக்கு ஆர்டர் போயிருந்தது, அது வந்து சேர்வதற்குள் முகூர்த்தம் முடிந்துவிடும்.

“எழுந்திரு அண்ணே” என்றார் அக்கா. “உன் பொண்ணு மணையில ஒக்கார்றதுக்குள்ள சீரு அங்க இருக்கும். இல்லன்னா இந்தக் கடைய நா தொறக்க மாட்டேன். இது சத்தியம்.”

எனக்குப் பகீரென்றது. அக்கா வாயால் சத்தியம் என்ற சொல்லை அதற்கு முன் நான் கேட்டதே இல்லை. அப்படியே என்னை இழுத்துக்கொண்டு அரக்கோணம் ரயிலில் ஏறிவிட்டார்.

அரக்கோணத்தில் பழைய பித்தளை எடுக்கிற கடை கடையாக ஏறி இறங்கினோம். ஒருவனும் வாய் திறக்கவில்லை. கடைசியில் ஒரு கிழவர், அக்கா நாமம் என்று சொன்னதுமே கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“வந்தாம்மா ஒருத்தன். கோணிய அவுத்தான். பாத்தா ஒவ்வொண்ணுலயும் நாமம்! எனக்கு ஒடம்பெல்லாம் நடுங்கிப் போச்சு. டேய் பாவி, இது மலைச் சொத்துடா, இத வித்தா உன் வம்சமே அழிஞ்சுடும், மரியாதையா கொண்டுபோயி அங்கயே சேர்த்துடுன்னு சொல்லிட்டேன். அவனுக்கு மூஞ்சி வெளுத்துப்போச்சு. திருப்பதி வண்டி எப்பன்னு கேட்டுக்கினு ஓடினான்.”

“அய்யோ!” என்று நான் தலையில் கைவைத்தேன். அக்காவுக்கோ கண் ஜொலித்தது. “பாத்தியாடா! நாமம் வேல செய்யுது! ஓடு!”

ஓடினோம். திருப்பதி வண்டியில் நிற்க இடமில்லை. அன்றைக்கு அடிவாரத்துச் சத்திரத்தில் தங்கி, விடிந்ததும் முதல் பஸ்ஸில் மலையேறினோம். மேலே போய்ப் பார்த்தால் மொட்டை, மொட்டை, எங்கு பார்த்தாலும் சந்தனம் பூசிய மொட்டை. இதில் ஒரு திருடனை எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்கு நம்பிக்கை போய்விட்டது. அக்கா தலைகளைப் பார்க்கவே இல்லை, மூட்டை முடிச்சுகளையே பார்த்துக்கொண்டு நடந்தார். தரிசன வரிசையில் நின்று உள்ளே நகர்ந்துகொண்டிருக்கும்போது என் கையைக் கிள்ளினார்.

“அதோ! என் பொடவக் கர!”

எங்களுக்கு வெகு முன்னால், ஒரு புது மொட்டையின் தோளில் கோணி. வாயில் சிவப்புக் கரை. முன்னால் போக முடியாது, பின்னால் வர முடியாது, கூட்டம் அப்படி நெரிக்கிறது. அவனோ தரிசனம் முடிந்து உண்டியலுக்கு முன்னால் போய் நின்றுவிட்டான்.

“திருடன்! திருடன்! தொங்கா! தொங்கா!” என்று அக்கா இரண்டு பாஷையிலும் கத்தினார். நானும் கத்தினேன்.

“கோவிந்தா! கோவிந்தா!” என்று கூட்டம் கத்தியது. எங்கள் சத்தம் எங்கே எடுபடும்?

அவன் கோணியை அவிழ்த்தான். ஒவ்வொன்றாக எடுத்து, கண்ணில் ஒற்றி, உண்டியலுக்குள் விட்டான். சொம்பு போனது. தாம்பாளம் போனது. குடம் வாயில் சிக்கியது, பக்கத்தில் நின்ற பக்தர்கள் புண்ணியத்தில் பங்குக்கு ஆளுக்கு ஒரு கை கொடுத்து அமுக்கினார்கள். கடைசியாகக் குத்துவிளக்கு. ஒவ்வொன்றுக்கும் அக்கா, “என் கொடம்! என் வெளக்கு!” என்று குதிக்க, முன்னால் நின்ற ஒரு பாட்டியம்மா திரும்பி, “இன்னா பக்தி, இன்னா பக்தி” என்று அக்காவைக் கும்பிட்டார். எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. உண்டியலுக்குள் போனதைத் திருப்பிக் கேட்கிற வழக்கம் எந்தக் காலத்திலும் கிடையாது என்பது குழந்தைக்கும் தெரியும்.

வெளியே குளக்கரையில் அவனைப் பிடித்தோம். ஓடக்கூட இல்லை. அக்காவைப் பார்த்ததும் காலில் விழுந்து, “தாயே, எல்லாத்தையும் போட்டுட்டேன்” என்றான்.

“எல்லாத்தையுமா? மடிய ஒதறு.”

உதறினான். ஒன்றும் இல்லை. அவன் சாப்பிட்டு வெகு நேரம் ஆகியிருந்தது என்று பார்த்தாலே தெரிந்தது. அக்கா ஒரு இலை நிறையப் புளியோதரை வாங்கி அவன் முன்னால் வைத்தார். அவனை அடிக்கலாமா என்று நான் கைமுறுக்கிக்கொண்டிருக்க, இவர் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து கேட்கிறார்: “துன்னு. துன்னுக்கினே சொல்லு. எந்த ஓட்டப் பிரிச்சே? அந்த மூலையா? வேற எங்கெல்லாம் பூரலாம் என் கடைக்குள்ள?”

அவன் மென்றுகொண்டே சொன்னான். கொல்லைக் கதவுக் கீல் ஆடுகிறது, கழுவுநீர் போகிற துவாரம் பெரிது, பக்கத்துச் சுவரில் செங்கல் தளர்ந்திருக்கிறது. அக்கா கச்சேரி கேட்கிற மாதிரி தலையாட்டிக் கேட்டார். “அப்புறம்? அப்புறம்?” அவனைப் போலீஸில் ஒப்படைக்க வேண்டாமா என்று நான் கேட்டதற்கு, “சாமான் இல்லாம ஆள மட்டும் குடுத்தா கேசு நிக்குமாடா?” என்று முடித்துவிட்டார்.

பஸ்ஸில் இறங்கும்போதுதான் பெருமூச்சு விட்டார். மலையைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: “ஊருல ஒருத்தன் பாக்கி இல்லாம சந்தேகப்பட்டேன். இவரு ஒருத்தர வுட்டுட்டேன் பாரு.”

பெண்ணின் நைனாவிடம் சொன்னபோது நடந்ததை நான் எதிர்பார்க்கவே இல்லை. மனுஷர் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிவிட்டார். “கோவிந்தா! என் பொண்ணு பேரு பெருமாள் கிட்ட இருக்குதா! எந்த ராசாவுக்கு கெடைக்கும் இது!” என்று குதித்தார். குதித்து முடிந்ததும் முகம் தொங்கிவிட்டது. “ஆனா தங்கச்சி, சம்பந்தியம்மா நம்பணுமே.”

“நா வந்து சொல்றேன்” என்றார் அக்கா.

கல்யாணத்தன்று பந்தலில் சீர் வைக்கிற பாயில் பழமும் பூவும் மட்டும் இருந்தன. மாப்பிள்ளையின் அம்மா இடுப்பில் கைவைத்துப் பாயைப் பார்த்தார். “சீரு எங்க?”

அக்கா முன்னால் போய் எல்லாவற்றையும் சொன்னார். எப்படிச் சொன்னார் தெரியுமா! ஓடு பிரித்தது, அரக்கோணத்துக் கிழவர், உண்டியலில் சிக்கிய குடம், ஒன்று விடவில்லை. பந்தலே வாயைப் பிளந்தது. பெரியவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பின்னாலிருந்து ஒருவர் கோவிந்தா போட்டார். எனக்கு மார்பு விம்மியது, ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

மாப்பிள்ளையின் அம்மா இடுப்புக் கையை எடுக்கவில்லை.

“கத நல்லாத்தான் இருக்குது. நீ சொன்னா நா நம்பிடணுமா? உண்டியல்ல போட்டத யாரு பாத்தா? அந்தத் திருடன் எங்க, இட்டுக்கினு வா. நாளைக்கி எங்க ஊருல நாலு பேரு கேட்டா நா இன்னாத்த காட்டறது?”

 மணப்பெண் சரோஜா கூரைப்புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழ ஆரம்பித்தாள். அவள் நைனா பந்தல் காலைப் பிடித்துக்கொண்டார். எனக்கு ரத்தம் கொதித்தது. பெருமாள் பேரைச் சொல்லியும் நம்பாத பொம்பளையா! அக்கா இப்போது கிழிக்கப் போகிறார் என்று திரும்பிப் பார்த்தேன்.

அக்காவின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அதுவரை நான் பார்த்ததே இல்லை. போய் அந்த அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“நம்பாதே தாயே! நம்பவே நம்பாதே! எவ சொன்னாலும் நம்பாதே!” என்றார். பிறகு பந்தலுக்கு வெளியே பார்த்து, “யோவ், எறக்கு!” என்று கத்தினார்.

வெளியே மாமா ஒரு வண்டியிலிருந்து வைக்கோலைத் தள்ளிக்கொண்டிருந்தார். அடியில் பளபளவென்று குத்துவிளக்கு, குடம், தாம்பாளம், சொம்பு, அத்தனையும் புதுசு.  நாங்கள் அரக்கோணத்துக்கு ரயிலேறிய அன்றே, இன்னொரு சீர் வாங்கி வர மாமாவை வேலூருக்கு அனுப்பியிருக்கிறார் அக்கா!

“என்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதாக்கா? என்ன நம்பலியா?” என்றேன். 

“உன்னையா? என்னையே நா நம்பலடா” என்றார் அக்கா. “தேடிப் போனது கெடைக்கும்னு எந்த தகிரியத்துல நம்பறது? ஒரு பொண்ணு வாழ்க்கடா இது.”

அப்புறம் மணையில் அழுதுகொண்டிருந்த சரோஜாவின் முகத்தைத் தன் தலைப்பால் துடைத்துவிட்டார். “அழுவாதடி கண்ணு. இத்தினி வருசமா இப்பிடி ஒருத்திய நா தேடிக்கினு இருந்தேன், உனக்கு மாமியாரா வாய்ச்சிருக்கா. நீ போற ஊட்டுல ஒரு துரும்பு காணாப் போவாது.”

சம்பந்தியம்மா அதற்குள் குத்துவிளக்கைத் தூக்கி, அடியை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

“இது நெசமாவே பித்தளதானா?”

“கேளு தாயே,” என்று அக்கா கைதட்டிச் சிரித்தார், “இன்னும் கேளு!”